மண்ணெண்ணெய் ஜோக்

எங்கள் பங்குக் கோயிலின் வெள்ளிவிழா மலருக்கு என் அண்ணன் ஜேசுராஜைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி மலர்க்குழுவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். "நம் மண் தந்த சிரிப்பு இயக்குநர்" என்று தலைப்பையும் அவர்களே வைத்து அனுப்பிவிட்டார்கள். போன வருஷத் திருவிழா மேடையில் அப்பாவும் மகனும் சேர்ந்து அடித்த மண்ணெண்ணெய் ஜோக்கை மறக்காமல் எழுதச் சொல்லி அடியில் ஒரு குறிப்பு வேறு. எழுதுகிறேன். ஆனால் ஒரு பக்கத்தில் அடங்காது. போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

ஊருக்கு அவன் ராஜநேசன். எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றைந்துக்குள் ஏழு படம் எடுத்தவன். எல்லாமே சிரிப்புப் படம், நான்கு நன்றாக ஓடின. கோடம்பாக்கத்தில் யாரோ ஒரு எண் கணித ஜோசியன் ஜேசுராஜ் என்ற பெயரைப் பிரித்துப் போட்டு ராஜநேசன் ஆக்கினானாம். எனக்கு அவன் ஜேசுராஜ்தான். கோபம் வந்தால் அதுவும் இல்லை.

எங்கள் அப்பா பால்ராஜ் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவுக்குக் காசநோய் வந்தது. தினமும் ஊசி. பாதிகூட முடியவில்லை, காதுக்குள் வண்டு கத்துகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். "இந்த ஊசி வேணாம் ஆரோக்கியம், காது இரையுது" என்று முரண்டு பிடித்தார். ஊசி போடுகிற நர்சம்மா எங்கள் அம்மா ஆரோக்கியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, போட்டால் காது போனாலும் போகும், நிறுத்தினால் ஆள் போவார் என்று சொல்லியிருக்கிறார். அம்மா அதை அப்பாவிடம் சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மிச்ச ஊசியையும் போட வைத்தாள். ஆள் பிழைத்தார். காது போய்விட்டது.

அதன் பிறகு அப்பா எதிராளியின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகினார். தெரிந்த முகமாக இருந்தால் பெரும்பாலும் சரியாகப் பிடித்துவிடுவார். ஆனால் சில சொற்கள் உதட்டில் ஒரே மாதிரி இருக்கும், அவரை ஏமாற்றிவிடும். "மாமா வந்துகீறாரு நைனா" என்று சொன்னால், "பாப்பாவா? யாருக்குப் பொறந்துகீது?" என்பார். நீங்களே கண்ணாடி முன்னால் நின்று மாமா என்றும் பாப்பா என்றும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், தெரியும். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். வீட்டுக்குள் சிரிக்கிற வரைக்கும் அது ஒன்றும் தப்பில்லை.

ஜேசுராஜ் அதை வெளியே கொண்டு போனான். அவனுடைய முதல் நாடகம் குவார்ட்டர்ஸ் இளைஞர் மன்றத்துக் கிறிஸ்துமஸ் நாடகம். பெத்லகேமில் சத்திரக்காரன் வேஷம் அவனுக்கு. சூசையப்பர் மாதாவைக் கூட்டிக்கொண்டு வந்து, "தங்க எடம் கீதா?" என்று கேட்கிறார். சத்திரக்காரன் அப்பாவைப் போலவே தலையைச் சாய்த்து, அப்பாவின் அதே பெரிய குரலில், "தங்கமா? நான் அடகுக் கடை வைக்கலப்பா" என்கிறான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன் வரிசையில் அப்பாவும் சிரித்தார். என்ன சொன்னான் என்று அவருக்குத் தெரியாது, எல்லாரும் சிரிக்கிறார்களே, பிள்ளை நன்றாக நடிக்கிறான் போல என்று கை தட்டினார். அம்மா பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கே அவனுக்கு இரண்டு அறை விட்டிருந்தால் தமிழ் சினிமா ஏழு படம் தப்பித்திருக்கும்.

பி.யு.சி.யில் கோட்டை விட்டுவிட்டு கோடம்பாக்கம் போனான். யாரோ ஒரு இயக்குநரிடம் கிளாப் அடித்து, வெற்றிலைப் பெட்டி தூக்கி, திட்டு வாங்கி, கடைசியில் எண்பத்தாறில் சொந்தமாகப் படம் எடுத்தான். அதற்குள் அப்பா ஓய்வு பெற்று நாங்கள் கோவில்பதாகையில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவான். வஞ்சிரம் கிடைக்காவிட்டால் சங்கராவாவது வாங்கி அம்மா குழம்பு வைப்பாள். மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டு வீட்டிலும் தெருவிலும் பேசுவதைக் கேட்பான். கொஞ்ச மாசத்தில் அது தியேட்டரில் வரும். பத்திரிகைக்காரர்கள் அதற்கு "யதார்த்த நகைச்சுவை" என்று பெயர் வைத்தார்கள். எங்கள் தெருவில் அதற்கு வேறு பெயர், இங்கே எழுத முடியாது.

எதிர்வீட்டுக் கெங்கம்மாளைக் கேளுங்கள். ஊர் வம்பு மொத்தத்தையும் கொட்டிவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று முடிப்பது அந்தம்மாவின் வழக்கம். இரண்டாவது படத்தில் அது அப்படியே வந்தது. முதலில் அந்தம்மாவுக்குப் பெருமை. பிறகு சொந்த மருமகளே அந்த வசனத்தைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். அதற்கப்புறம் கெங்கம்மாள் தெருவில் நிஜமாகவே ஒன்றும் சொல்வதில்லை.

எண்பத்தேழில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் பட்டணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைக்கமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊசிக் கதையை என்னிடமும் அண்ணனிடமும் அப்போதுதான் சொன்னாள். அதுவரை எங்களுக்கும் தெரியாது. இத்தனை வருஷமும் அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெந்திருக்கிறாள்.

மறுநாள் அப்பா கட்டிலருகே வந்து குனிந்தார். அம்மாவின் ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கால்மாட்டில் நின்றான். அம்மா அப்பாவைப் பார்த்து, உதடு மட்டும் அசைய, "என்ன மன்னிச்சிடுய்யா" என்றாள்.

அப்பா அவள் வாயையே பார்த்தார். பிறகு அவள் தலையைத் தடவி, "மண்ணெண்ணெய்யா? நேத்தே வாங்கி வச்சிட்டேன். நீ கவலப்படாத" என்றார்.

திருப்பிச் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். அன்று சாயங்காலம் செத்துப் போனாள்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி அழுதார். "கடைசி மூச்சுலயும் ஊட்டைப் பத்திதான் நெனச்சிகினு இருந்தா. அடுப்புக்கு எண்ணெய் கீதான்னு கேட்டா, மகராசி." அதுதான் அவருக்கு மிச்சம் இருந்த அம்மா. கேஸ் அடுப்பு வந்த பிறகும் ரேஷன் கடைக்குப் போய் மண்ணெண்ணெய் வாங்கி வந்து டின்னை நிரப்பியே வைத்திருந்தார். அந்த நம்பிக்கையைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை, வராததில் எனக்கு வருத்தமும் இல்லை. அம்மாவின் கல்லறை மேல் கையை வைத்து, அப்பாவிடம் இதைச் சொல்லமாட்டேன் என்று ஜேசுராஜைச் சத்தியம் பண்ண வைத்தேன். பண்ணினான். அழக்கூட அழுதான்.

தொண்ணூறில் அவனுடைய நான்காவது படம் வந்தது. அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பக்கத்து நாற்காலி சுசீலா மத்தியானச் சாப்பாட்டின்போது, "உங்கண்ணன் படம் பார்த்தேன் ஹில்டா, வயிறு நொந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, தயிர்சாதக் கையோடு ஒரு காட்சியை நடித்துக் காட்டினாள். மண்ணெண்ணெய் என்று அவள் வாயிலிருந்து வந்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லிக்குப் போய்ப் படத்தைப் பார்த்தேன்.

அதேதான். ஆஸ்பத்திரிக் கட்டில். அப்பாவின் காக்கிச் சட்டை, அப்பாவின் துண்டு, அப்பாவின் குரல். ஒன்றே ஒன்றுதான் புதிது: அந்த நடிகர் ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார். அப்பா வாழ்நாளில் அப்படி வைத்ததில்லை, வைத்து என்ன பிரயோஜனம்? கட்டிலில் பூவும் பவுடருமாகப் படுத்திருந்த நடிகை "என்னை மன்னிச்சிடுங்க" என்கிறாள். இவர், "மண்ணெண்ணெய்யா? நேத்தே வாங்கி வச்சிட்டேன். நீ கவலப்படாத" என்கிறார். தியேட்டர் அதிர்ந்தது. அதோடு விட்டானா? அவள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று கத்துகிறாள். இவர் டின்னை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்கு ஓடுகிறார். எனக்குப் பின்னால் ஒருவன் விசிலடித்துச் சிரித்தான். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அங்கிருந்து நேராக ஐயப்பன்தாங்கல் போனேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால்தான் அவன் வீடு.

"கல்லறை மேல கை வச்சியே, அது கையா இன்னாடா?" என்று கேட்டேன்.

"நைனாகிட்ட சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். சொன்னேனா?"

"ஊர் பூரா சொல்லிகினு வந்துட்டு, சொன்னேனான்றியே. அந்த ஊர்ல நைனா கீறாரா இல்லியா?"

"அவருக்குத்தான் காது கேக்காதே ஹில்டா" என்றான். சத்தியமாக இதே வார்த்தை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாவே சிரிச்சிச்சே, நீயும்தானே பாத்த?" என்றான்.

"அது சிரிப்பாடா?"

நான் அவன் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது என்பார்கள், இவன் பிறந்த வீட்டுக்கே செய்தான்.

அதற்குப் பிறகு எனக்கிருந்த ஒரே வேலை அப்பாவை அந்தப் படம் பார்க்கவிடாமல் தடுப்பது. ஏனென்றால் அப்பா சினிமாப் பைத்தியம். "சினிமால வாயி ஊட்டு வாசப்படி சைசுக்குத் தெரியும், ஒண்ணு உடாம புரியும்" என்பார். அதுதான் பயம். டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன், தியேட்டரில் மூட்டைப்பூச்சி என்றேன், அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். பஸ் ஸ்டாப்பில் தடிப்பயல்கள் அவரைப் பார்த்து "இன்னா பெர்சு, மண்ணெண்ணெய்யா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவர் நின்று, "யாருக்கு வேணும்? எங்கிட்ட கீது, வந்து வாங்கினு போ" என்பார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக் கெங்கம்மாள் வாசலுக்கு வந்து, "பூந்தமல்லிக்குப் படம் பாக்கப் போனாரும்மா. பெத்த புள்ள படத்தப் பாக்காம செத்துடுவேனோன்னு சொல்லிகினே போனாரு" என்றார். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அந்தம்மா பேசிய பேச்சு அது.

நான் போய்ச் சேரும்போது மேட்னி விட்டுக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தேடித் தேடிக் கடைசியில் கரையான்சாவடிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் கண்டுபிடித்தேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எப்போதும் போலச் சத்தமாகப் பேசாமல், அன்றைக்குத்தான் மெதுவாகப் பேசினார்.

"உங்கம்மா மண்ணெண்ணெய்னு சொல்லலியா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"இன்னா சொன்னா? வாயத் தொறந்து மெதுவா சொல்லு."

"மன்னிச்சிடுய்யான்னு சொன்னிச்சு நைனா."

"எதுக்கு?"

ஊசிக் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, அவர் பார்க்கும்படி. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அட லூசுப் பொம்பள, காது பூடும்னு எனக்குத் தெரியாதா? மிச்ச ஊசியப் போட்டுக்க நானாத்தானே அவகூட நடந்து போனேன்?" என்றார். பிறகு, "அத அவகிட்ட சொல்லியிருப்பேனே. ரெண்டே வார்த்த. சொல்லியிருப்பேனே" என்று தொடையில் அடித்துக்கொண்டார். நான் தாங்கமாட்டாமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கெங்கம்மாளிடம் கொடுத்துவிட்டார். அம்மாவின் அடுப்புக் கதையை அப்புறம் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜேசுராஜ் வந்தான். அப்பா எதிரில் உட்கார்ந்து பேச வாயைத் திறந்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். அவர் கண்ணை மூடிவிட்டால் உலகத்தில் யாரும் அவரிடம் எதையும் சொல்ல முடியாது. இவன் வாயை மூடினால் அவர் கண்ணைத் திறப்பார், திறந்தால் மூடுவார். தோளைத் தொட்டுப் பார்த்தான், கையைப் பிடித்துப் பார்த்தான், நடக்கவில்லை. ஈஸ்டருக்கு வந்தான், கிறிஸ்துமஸுக்கு வந்தான், அதே கதை. கொஞ்ச வருஷத்தில் வருவதே நின்றுபோனது.

அவன் படமும் நின்றது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வீடும் தெருவும் வாயை மூடிக்கொண்டதும் அவனுக்குச் சிரிப்பு கிடைக்கவில்லை. ஐந்தாவது படம் தட்டுத்தடுமாறியது, ஆறாவது படுத்தது, ஏழாவதைப் போஸ்டர் காய்வதற்குள் தூக்கிவிட்டார்கள். டி.வி.யில் ஒரு தொடர் எடுத்தான், அதையும் பாதியில் வேறு ஆளிடம் கொடுத்தார்கள். ஒரு வாரப் பத்திரிகையில், "என் நகைச்சுவைக்குக் குரு என் தந்தை" என்று பேட்டி கொடுத்திருந்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்து பொரித்த அப்பளத்துக்கு எண்ணெய் ஒற்றினேன்.

போன வருஷத் திருவிழாவுக்கு வருகிறேன். கொடியேற்றி, தேர் சுற்றி வந்து, கடைசியில் கலைநிகழ்ச்சி. "மண்ணின் மைந்தன்" என்று அவனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் அப்பாவும் முன் வரிசையில். அப்பாவைக் கூட்டி வந்தது நான் இல்லை, பங்குத்தந்தையே வீட்டுக்கு வந்து கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். ஜேசுராஜ் மைக்கைப் பிடித்து, "என்னைப் பெத்த தெய்வம் மேடைக்கு வரணும்" என்றான். இரண்டு பேர் வந்து அப்பாவைக் கைத்தாங்கலாக மேலே ஏற்றினார்கள்.

அவன் அவர் எதிரே போய் நின்றான். தலை நரைத்திருந்தது. இரண்டு கையையும் கூப்பினான். கண்ணில் தண்ணீர் நின்றது. நிஜமா, டைரக்டர் கண்ணீரா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. மைக்கில், ஒவ்வொரு எழுத்தாக, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னான்:

"நைனா, என்ன மன்னிச்சிடு."

அப்பா கண்ணை மூடவில்லை. அவன் வாயைப் பார்த்தார், கூப்பிய கையைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார். பிறகு வலது கையை எடுத்துக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்தார். தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட அப்படி வைக்காத மனிதர், படத்தில் அந்த நடிகர் வைத்த மாதிரியே வைத்தார். மைக் பக்கம் குனிந்தார்.

"மண்ணெண்ணெய்யா? நேத்தே வாங்கி வச்சிட்டேன். நீ கவலப்படாத."

மைதானமே எழுந்து நின்று சிரித்தது. விசில் பறந்தது. பங்குத்தந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஜேசுராஜ் கூப்பிய கையை இறக்கத் தெரியாமல் நின்றான். இதைத்தான் அப்பாவும் மகனும் சேர்ந்து அடித்த ஜோக் என்று எழுதச் சொல்கிறார்கள்.

அப்பா மேடையை விட்டு இறங்கி வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நடந்தார். தெருவிளக்கடியில் என்னை நிறுத்தித் தன் பக்கம் திருப்பினார், என் வாய் தெரிவதற்காக.

"அவனுக்குக் காதுல உழுந்துச்சா?" என்று கேட்டார்.

"உழுந்துச்சு நைனா."

"அப்ப போதும். வா, ஊட்டுக்குப் போலாம்."